காற்றோட்டக் கோபுரத்துக்கு அடிக்கல்

1. அழைப்பிதழ்

மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழும்பினேன். தேநீர், முகச்சவரம், முதல்நாள் நாட்குறிப்பில் விட்டுப்போன ஒரு வரி. ஏழு மணிக்கு வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடந்து பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி வரை நின்றேன். அதன் பிறகு ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் எழுதிக்கொண்டேன். இந்தத் தூரத்தை நிலத்துக்கு அடியால் சில நிமிடங்களில் கடக்க வைப்பதுதான் எங்கள் வேலை. அந்த வேலையைச் செய்கிற நாங்கள் எல்லோரும் தினமும் பிந்தித்தான் வந்தோம்.

புதிதாகத் திட்டமிடல் துறைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுவதால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகப் பக்கம் வந்து இறங்கும் அதிவேக வீதியை, நகரத்துக்குக் கீழே டனல் போட்டு, வெள்ளவத்தையில் வெளியே எடுக்கலாமா என்று பார்ப்பது. எடுக்கலாமா என்று பார்ப்பது மட்டுந்தான். எங்களுடையது ஓர் ஆலோசனை நிறுவனம். வீதி போகும் கோட்டை, அதாவது அலைன்மென்ட்டை, வரைவோம், மண் பார்க்க அங்கங்கே போர்ஹோல் போடுவோம், அறிக்கை எழுதுவோம், அறிக்கையைத் திருத்துவோம். வீதி வருமா வராதா என்பது எங்களுக்கும் தெரியாது, வீதிக்கும் தெரியாது. நான் படித்தது நகரத் திட்டமிடல். குழுவில் எனக்குக் கொடுத்த பொறுப்பு, அலைன்மென்ட் போகும் இடத்துச் சனங்களோடு கதைப்பதும் தமிழ் ஆவணங்களைத் தயாரிப்பதும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் தள அலுவலகம் இருந்தது. பக்கத்து ஒழுங்கையில் ஒரு முருகன் கோவில். கோவிலின் பின்வளவில் ஒரு சின்ன வீடு. அதில் ரீட்டா அக்கா சோற்றுப் பார்சல் கட்டி விற்றார். எங்கள் அலுவலகம் முழுவதும் மத்தியானம் அவருடைய சோற்றில்தான் ஓடியது. அன்று காலை அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "இன்னைக்கு பார்சல் இல்ல சேர். சாமான் கட்டுறோம்."

போன கிழமை அவர் வெறும் அட்டைப்பெட்டிகள் கேட்டிருந்தார். எங்கள் திட்ட அறிவித்தலின் பிரதிகள் அச்சாகி வந்த பெட்டிகளை நானே அடுக்கிக் கொடுத்தேன். கயிறு நழுவாமல் எப்படி முடிச்சுப் போடுவது என்றும் காட்டிக் கொடுத்தேன். எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. முடிச்சுப் போடுவதில் மூழ்கிவிட்டேன்.

பத்து மணிக்குக் கோவில் பரிபாலன சபைத் தலைவர் தனபாலசிங்கம் ஐயா படியேறி வந்தார். எழுபது தாண்டியவர். இரும்புக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டுக் கோவிலோடு இருப்பவர். கையில் வெற்றிலை பாக்கு வைத்த தட்டம்.

"இருங்கோ தம்பி, எழும்பாதேங்கோ. முதல் அழைப்பிதழ் உங்களுக்குத்தான்."

ஐம்பத்துநான்கு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் இருப்பது சந்தோஷம். வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் கரை போட்ட மட்டை. 'பிரதம விருந்தினர்: பொறியியலாளர் சிவநேசன்' என்று இருந்தது. நான் பொறியியலாளர் அல்ல என்பதை முதலில் கவனித்தேன். அச்சுப் பிழை ஒன்றும் இல்லை என்பதை இரண்டாவதாகக் கவனித்தேன். மேலே பெரிய எழுத்தில் 'கோபுர அடிக்கல் நாட்டு விழா' என்று இருப்பதை மூன்றாவதாகத்தான் கவனித்தேன்.

"நல்ல விஷயம் ஐயா. எந்தப் பக்கம் கட்டுறியள்?"

அவர் சிரித்தார். "பகிடி விடுறியள். நாங்கள் எங்க கட்டுறது? நீங்கள்தானே கட்டித் தாறியள்!"

2. பிழை இல்லாத தமிழ்

கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் பிழை பிடிப்பது என் பொழுதுபோக்கு. பஸ் தரிப்பிடம், ஆஸ்பத்திரி, கழிவறைக் கதவு எதையும் விட்டதில்லை. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவேன். ஆகவே இந்தத் திட்டத்தின் தமிழ் அறிவித்தலை எழுதும் பொறுப்பு வந்தபோது, ஓர் ஒற்றெழுத்துக்கூட விலகாத அறிவித்தல் ஒன்று இந்த நாட்டில் முதன்முறையாக வெளிவரப் போகிறது என்று தீர்மானித்துக்கொண்டேன். வரைபடம் போடும் பிள்ளைகள் 'வென்டிலேஷன் ஷாஃப்ட்' என்று தமிழ் எழுத்தில் போடலாமே என்றார்கள். அவர்களுக்கு மொழி பற்றி ஒரு சிறு உரை நிகழ்த்தினேன்.

நீளமான டனலுக்குள் வாகனங்களின் புகை தேங்காமல் இழுத்து மேலே விட உயரமான குழாய்கள் வேண்டும். அதில் ஒன்று கோவில் பின்வளவின் மூலைக்கு வந்தது. உயரமான கட்டடத்துக்குத் தமிழில் கோபுரம் என்கிறோம். கொழும்பில் ஒலிபரப்புக்குக் கட்டிய தாமரைக் கோபுரத்தை யாரும் கோவில் என்று நினைப்பதில்லை. ஆகவே, காற்றோட்டக் கோபுரம். பாதிப்பைக் குறைக்கச் செய்பவற்றை ஆங்கிலத்தில் 'மிட்டிகேஷன்' என்பார்கள். அதற்குப் பரிகாரம் என்று போட்டேன். அறிவித்தலில் அந்தப் பகுதி இப்படி வந்தது:

'பாதிப்புகளுக்கான பரிகாரங்கள்: கோவிலின் பின்வளவில் பதினெட்டு மீற்றர் உயரமான காற்றோட்டக் கோபுரம் ஒன்று அமைக்கப்படும். இதற்கான செலவு முழுவதையும் திட்டமே ஏற்கும்.'

இதைப் படித்தவர்கள் கோவில்காரர்கள். அந்தக் கோவிலுக்குக் கோபுரம் இல்லை. முன்பக்கம் வீதி நெருக்கியபடியால் கட்ட இடம் இல்லை. திருவிழா நாட்களில் உள்ளே மூச்சு முட்டும். இப்போது கோவிலுக்கு அடியால் வீதி போகப் போகிறது. அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக, பின்பக்கம் மேற்கு வாசலில், காற்றோட்டமான ஒரு கோபுரத்தை அரசாங்கம் கட்டித் தருகிறது. அந்த இரண்டு வசனங்களையும் திருப்பித் திருப்பி வாசித்தேன். அவர்கள் விளங்கிக்கொண்டதில் ஒரு பிழையும் இல்லை. என் தமிழிலும் பிழை இல்லை.

அலைன்மென்ட் நெடுக ஆட்சேபனையும் மனுவும் கறுப்புக்கொடியுமாக இருந்தபோது, இந்தக் கோவில் மட்டும் ஒரே கூட்டத்தில் சம்மதக் கையெழுத்துப் போட்டது. கூட்டம் முடிய எனக்கு மாலைகூடப் போட்டார்கள். 'சமூகத்தின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி' என்று அலுவலகத்தில் நான் அரைமணி நேரம் விளக்கவுரை செய்தேன். மாலை போட்ட படம் அதில் இருந்தது.

தனபாலசிங்கம் ஐயா தேநீரைக் குடித்துவிட்டு எழும்பினார். நான் தட்டத்தை ஏந்தியபடி படி வரை போனேன். அவர் படியில் நின்று திரும்பினார்.

"ஸ்தபதி வந்து பாத்திட்டார் தம்பி. கனடாவில இருக்கிற தம்பியவைக்கும் சொல்லியாச்சு. ரீட்டாவும் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு எழும்புறா. அவவின்ர வீடுதானே மேற்கு வாசலுக்குக் குறுக்கால நிக்குது."

3. நஸீர் சேர்

எங்கள் குழுத்தலைவர் நஸீர் சேர், டனல் கட்டுமானத்தில் மத்திய கிழக்கு முழுவதும் சுற்றியவர். அழைப்பிதழை அவர் மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

"சிவநேசன், வென்டிலேஷன் ஷாஃப்ட் எண்டு போட்டிருந்தா ஒருத்தனும் தேங்கா ஒடைக்க வந்திரிக்க மாட்டான்."

"தமிழில அதுக்குச் சரியான சொல் கோபுரம்தான் சேர்."

"சரியான சொல்லா? நீங்க எழுதினத்துக்கு மேல இப்ப ஆறுமுகக் கடவுளே வந்து ஒக்காரப் போறாரு!"

அவருடைய கவலையும் நியாயம்தான். அடுத்த கிழமை நிதி கொடுப்பவர்களின் குழு வருகிறது. எங்களிடம் காட்ட இருந்த ஒரே சமூகச் சம்மதம் இந்தக் கோவிலுடையது. அது போனால் அந்தத் துண்டு அலைன்மென்ட்டையே திரும்பப் பார்க்க வேண்டும்.

"அந்த மீட்டிங் முடியட்டும்," என்றார். "அதுக்குப் பொறகு அவங்களுக்கு விஷயத்தச் செல்லுங்க. அது வரைக்கும் கோபுரமாவே இரிக்கட்டும். நீங்களும் விழாவுக்குப் போய் ஒரு கல்ல வச்சிட்டு வாங்க."

"ரீட்டா அக்கா ஞாயிற்றுக்கிழமை வீட்டை விடுறா சேர். எங்களுக்கு அந்த வீடு தேவையே இல்லை. மூலையில ஒரு துண்டு நிலம்தான் கேட்டனாங்கள்."

அவர் யன்னலால் பார்த்தார். "சோத்துப் பார்சல் ரீட்டாவா?"

"ஓம்."

"அதான் இண்டைக்கி சாப்பாடு வரலியா?"

அவர் அழைப்பிதழை என் பக்கம் தள்ளினார். செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை. நான் என் மேசைக்குத் திரும்பி, அடுத்த கிழமை வரை பொறுப்பதற்கான காரணங்களை ஒழுங்காக ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். நல்ல காரணங்கள்தான். மத்தியானம் ஆனதும் பசி வந்தது. அறிக்கை எழுதிப் பசி ஆறாது என்பதால் எழும்பி ஒழுங்கைக்குப் போனேன்.

4. அடுப்பு

ரீட்டா அக்காவின் வீட்டு வாசலில் எங்கள் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் நான் காட்டிக் கொடுத்த முடிச்சு. சுவரில் அந்தோனியார் படம் மட்டும் இன்னும் இறக்கப்படவில்லை.

"வாங்க சேர். நாக்காலி எல்லாம் கட்டியாச்சு. அந்த உரல் மேல உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"எங்க போறீங்கள் அக்கா?"

"கிராண்ட்பாஸ்ல தங்கச்சி வீடு. மேல்மாடி. படுக்கலாம், உக்காரலாம், அடுப்பு மட்டும் வைக்கக்கூடாதாம். வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிட்டாரு. அடுப்பு இல்லாம நான் என்ன பண்றது, நாள் பூரா டீவி பாக்கவா?" குரலில் கோபம் இல்லை. ஒரு தாச்சிச் சட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கோவில் பெரியய்யா நல்லபடியாத்தான் சொன்னாரு சேர். 'ரீட்டா, சாமிக்கு மேக்கு வாசல் வருது'ன்னாரு. இத்தனை வருஷம் அவங்க நிலத்துல இருந்துட்டு, சாமிக்கு வாசல் வேணாம்னு நான் எப்படிச் சொல்றது? ஆனா ஒண்ணு கேக்குறேன். உங்க கோபுரத்துக்கு என் அடுப்புதான் கெடச்சிச்சா?"

"அக்கா, கோபுரம் வராது."

"நோட்டீஸ்ல இருக்கே. நானும் வாசிச்சேன். நல்ல தமிழ்."

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பாராட்டை நாட்குறிப்பில் எழுதியிருப்பேன். டனலைப் பற்றிச் சொன்னேன். உள்ளே ஓடும் காரும் பஸ்ஸும் விடும் புகையைப் பற்றிச் சொன்னேன். அதை மேலே விடும் குழாயைப் பற்றிச் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"புகைக்குழாயா? அதுக்கா ஸ்தபதி வந்து கயிறு புடிச்சு அளந்தாரு?"

முதலில் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"இதை எங்கிட்ட சொல்லி என்ன சேர்? பெரியய்யாகிட்ட சொல்லுங்க. வீடு கோவில் வீடு. அவரு சொன்னாத்தான் நான் பெட்டி அவுப்பேன். நீங்க கோபுரம்னு சொன்னதை நம்பிக் கட்டினேன், இப்ப குழாய்னு சொன்னதை நம்பி அவுத்தா, நாளைக்கு இன்னொரு சொல்லு வரும்."

5. வாகனப் புகை

மாலைப் பூசை முடியும் வரை மண்டபத்துத் தூணோடு நின்றேன். பூசை முடிந்ததும் தனபாலசிங்கம் ஐயா பாயை விரித்து இருத்தினார். சபைச் செயலாளரும் வந்து இருந்தார். பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், வாய் சும்மா இருக்காது.

வரும் வழியில் நான் ஒத்திகை பார்த்திருந்தேன். படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்பது திட்டம்.

"ஐயா, அந்தக் கோபுரம் புகை வெளியில போறதுக்கு."

"மெத்த நல்லது," என்றார் தலைவர். "ஹோமம் வளர்க்கேக்க உள்ளுக்கு நிக்கேலாது. ஐயர்மாருக்கே கண் எரியுது."

"ஹோமப் புகை இல்லை ஐயா. வாகனப் புகை."

செயலாளர் நிமிர்ந்தார். "எங்கட வாகனம் மயில். அது புகை விடுறேல்லை."

அன்றைக்கு மூன்றாவது முறையாக என் சுத்தத் தமிழ் என்னைக் கைவிட்டது. பரிகாரம், கோபுரம், இப்போது வாகனம். கோவில் மண்டபத்துக்குள் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அது சுவாமியிடம் போய்ச் சேர்ந்தது. ஒத்திகையைக் கைவிட்டேன்.

"கார், பஸ், லொறி. கீழால ஓடுற எல்லாத்தின்ர புகையும் ஒரு குழாயால உங்கட பின்வளவுக்கு மேல வரும். அதைத்தான் கோபுரம் எண்டு எழுதினனான். உண்மையான கோபுரம் ஒண்டும் இல்லை. கட்டித் தர மாட்டினம்."

உள்ளே குருக்கள் தீபத் தட்டை வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப பரிகாரம் எண்டு போட்டது?" என்று தலைவர் கேட்டார்.

"அது மிட்டிகேஷன் ஐயா. பாதிப்பைக் குறைக்கிறது."

"எங்களுக்கு வாற பாதிப்பைக் குறைக்க, எங்கட வளவிலயே புகைக்குழாய் வைக்கிறியள்."

மாதக்கணக்கில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த திட்டம், அவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. குழாயின் உயரம், காற்று வீசும் திசை, புகை கலைந்து போகும் விதம் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் கேட்டது அவற்றில் ஒன்றும் அல்ல.

அவர் சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, இரண்டாக மடித்து, மறுபடி நாலாக மடித்தார். "கனடாவில தம்பி அழுதவன். அப்பா காலத்தில இருந்து நினைச்சது, உன்ர கையால நடக்குது அண்ணை எண்டு அழுதவன்." மடித்த மட்டையை இன்னும் ஒருமுறை மடித்தார். "நாங்கள் போட்ட கையெழுத்தைத் திருப்பித் தாரும்."

'தாங்கோ' என்று சொல்லவில்லை. 'தாரும்' என்றார். அடிக்கல்லோடு என்னுடைய 'நீங்கள்' போய்விட்டது.

"தாறன் ஐயா. அந்தத் துண்டு நிலமும் வேண்டாம். ஆனால் ரீட்டா அக்காவின்ர வீடு..."

"அது கோவில் விஷயம். அதில உமக்கென்ன?"

"அவ எழும்புறது என்ர சொல்லால ஐயா. கோபுரம் இல்லாட்டி மேற்கு வாசலும் இல்லை. வாசல் இல்லாட்டி அவ போகத் தேவையில்லை."

அவர் முகம் இறுகியது. சம்மதம் போனது என் பிழை, அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இந்த மனிதர் வீம்புக்காக வாசல் கட்டத் தொடங்கினால், அறிக்கையில் மட்டும் இருக்கும் ஒரு வீதிக்காக உண்மையான ஓர் அடுப்பு அணையும். எங்கள் குழுவில் இதுவரை ஒருவரும் ஒரு செங்கல்லை அசைத்ததில்லை. நான் ஒற்றை ஆளாக, ஓர் அறிவித்தலால், ஒரு வீட்டைக் காலிசெய்துவிடப் பார்த்தேன்.

"எழும்பச் சொன்ன வாயால இரு எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று அவர் செயலாளரிடம் கேட்டார், என்னிடம் அல்ல. "கிழமைக்கு ஒருக்கா சொல்லை மாத்துற கிழவன் எண்டெல்லோ நினைப்பாள்."

"அண்ணை," என்றார் செயலாளர், "சுவாமி இவ்வளவு காலமும் மேற்கு வாசல் இல்லாமல்தானே இருந்தவர். ஒருக்காலும் எங்களிட்டக் கேக்கேல்லை. கேட்டது இந்தப் பொறியியலாளர்தான்."

"நான் பொறியியலாளர் இல்லை," என்றேன்.

"அது இப்ப எங்களுக்கும் விளங்குது," என்றார் செயலாளர்.

தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் அழைப்பிதழை மடிப்பதை விட்டுவிட்டார். எழும்பித் தோளில் சால்வையைச் சரிசெய்தார்.

"நீரே போய்ச் சொல்லும். நீர் ஆக்கின சொல்லுத்தானே, நீரே அதை அழிச்சுவிடும். சுத்தத் தமிழில வேண்டாம், அவளுக்கு விளங்கக்கூடியமாதிரிச் சொல்லும். 'இருக்கலாம்' எண்டு. ஒரு சொல்லு. அதுக்கு மேல ஒண்டும் வாயைத் திறக்காதேயும்."

வெளியே வந்து ஒழுங்கைக்குப் போனேன். ரீட்டா அக்காவின் வீடு பூட்டியிருந்தது. பின்னேரமே ஒரு சுமையோடு கிராண்ட்பாஸுக்குப் போய்விட்டதாகவும் காலையில் மிச்சத்துக்கு வருவார் என்றும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நஸீர் சேருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"சரி. ரோட்டு ட்ரேஸ கொஞ்சம் கெழக்கால தள்ளி, ஷாஃப்ட ஒருகொடவத்தப் பக்கம் கொண்டு போங்க. அங்க கொண்டெய்னர் யார்ட்தான் இரிக்கி. கொண்டெய்னருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது."

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அறிவித்தல் எழுதினால் அதைப் பிழைதிருத்துகிறவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அந்த ஒழுங்கையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, என்ன விளங்கியது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் மிகவும் சந்தோஷப்பட்டால் உடனே நிறுத்தி, மறுபடி எழுதுங்கள். வீட்டுக்கு அடியால் வீதி போகிறது என்பதைக் கேட்டு மனிதர்கள் சந்தோஷப்படுவதில்லை. எனக்கு மாலை விழுந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

6. முதல் வேலை

மார்ச் 6, புதன்கிழமை. பஸ்ஸிலிருந்து இறங்கி, நேரத்தைக் குறிக்காமல், அலுவலகத்தையும் தாண்டி நேராக ஒழுங்கைக்குப் போனேன். ரீட்டா அக்கா அந்தோனியார் படத்தை இறக்குவதற்காக ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

"அக்கா, இருக்கலாம்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னது இருக்கலாம்? ஒருவேளை அப்படி இருந்தாலும் இருக்கலாமா, இல்ல நான் இங்கயே இருக்கலாமா?"

ஒரே ஒரு சொல்தான் சொல்லி அனுப்பினார்கள். அதுவும் இரண்டாகப் பிளந்தது.

"இஞ்சயே. பெரியய்யா சொன்னவர். அடுப்போட."

அவர் கையெடுத்துப் படத்தைக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார். "அப்ப நீங்களே அவுங்க சேர். உங்க முடிச்சு."

குந்தியிருந்து பார்த்தேன். நழுவாத முடிச்சு அது, நகம் போகவில்லை. கடைசியில் அவர் கத்தியை நீட்ட, கயிற்றை அறுத்தேன். பெட்டிக்குள், பானை அசையாமலிருக்க, எங்கள் அறிவித்தல்கள் கத்தையாக வைக்கப்பட்டிருந்தன. ரீட்டா அக்கா அவற்றை எடுத்து, உள்ளங்கையால் நீவி, யன்னல் விளிம்பில் அடுக்கினார்.

"நல்ல தாள் சேர். மத்தியானம் பார்சல் சுத்தலாம், குழம்பு ஒழுகாது."

நான் சோற்றுப் பானையை வெளியே எடுத்து அடுப்பில் வைத்தேன்.